வேலி போட்டுக் காத்த வண்ணத்துப்பூச்சி

அந்தப் புழு கீழே விழுவது மாலை வேளையில்தான். தென்மேற்கு இங்கிலாந்தின் சரிவான புல்தரையில், தைம் என்ற சிறு பூண்டின் ஊதாப் பூவுக்குள் இரண்டு மூன்று வாரம் ஒளிந்திருந்து, பூவையும் பிஞ்சு விதையையும் தின்று வந்த புழு அது. மூன்று முறை தோல் உரித்தாயிற்று. ஆனாலும் ஓர் அரிசி மணி அளவுகூட இல்லை. ஒரு நாள் வெயில் தாழ்ந்ததும் பூவை விட்டு நழுவி மண்ணில் விழுகிறது. விழுந்த இடத்திலேயே, ஏதாவது ஓர் இலையடியில் ஒண்டிக்கொண்டு கிடக்கிறது. தழை தேடி ஊர்ந்து போவதில்லை. அதன் சைவ வாழ்க்கை அன்றோடு முடிந்துவிட்டது.

அது காத்திருப்பது ஓர் எறும்புக்காக. மிர்மிக்கா வகையைச் சேர்ந்த சிவப்பு எறும்புகள் இரை தேடிக் கிளம்பும் நேரம் மாலை. தங்கள் கூட்டிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் தூரத்துக்குள்தான் அவை சுற்றும். அந்த வட்டத்துக்குள் விழுந்த புழுவுக்கு அதிர்ஷ்டம். வெளியே விழுந்தால் பட்டினியில் சாக வேண்டியதுதான். எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். புழு தன் முதுகிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து இனிப்பான திரவம் ஒரு சொட்டு கசியவிடும். எறும்பு நக்கும், சுற்றிவரும், மறுபடி நக்கும். அரை மணி நேரமும் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். பிறகு புழு ஒரு வேடிக்கை செய்கிறது. உடம்பின் முன்பகுதியை உப்பவைத்து, நிமிர்ந்து நிற்கிறது. அந்தக் கணத்தில் அது தொடுவதற்கும் முகர்வதற்கும் அசல் எறும்புக் குஞ்சு மாதிரியே ஆகிவிடுகிறது. கூட்டைவிட்டு எப்படியோ வெளியே வந்து விழுந்துவிட்ட தன் வீட்டுப் பிள்ளை என்றெண்ணி எறும்பு அதைத் தாடையில் கவ்விக்கொண்டு போய், பூமிக்கடியில் மற்றக் குஞ்சுகளுக்கு நடுவே வைக்கிறது.

காக்கைக் கூட்டில் வளரும் குயில் குஞ்சைப் பற்றித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குயில் குஞ்சு காக்கை கொண்டுவரும் இரையைத் தின்கிறது. இந்தப் புழு தின்பது எறும்பின் குஞ்சுகளையே.

இந்தப் பூச்சிக்கு ஆங்கிலத்தில் 'லார்ஜ் ப்ளூ' என்று பெயர். பெருநீலன் என்று சொல்லலாம். நீல வண்ணத்துப்பூச்சிகளில் பிரிட்டனில் இதுதான் பெரியது. முன்சிறகின் நீலத்தில் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். 1758-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ், 'ஆரியோன்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார். கிரேக்கக் கதையில் கடலில் விழுந்து, டால்ஃபின் ஒன்றின் முதுகில் சுமக்கப்பட்டுக் கரை சேர்ந்த பாணன் ஆரியோன். இந்தப் புழுவும் ஒரு விலங்கால் சுமக்கப்பட்டுத்தான் கரை சேர்கிறது என்பது லின்னேயஸுக்குத் தெரியாது. அது தெரியவர இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

பிரிட்டனில் 1795-ல் அடையாளம் காணப்பட்ட நாளிலிருந்தே சேகரிப்பாளர்களுக்கு இதன்மேல் ஒரு கண். முட்டை எங்கே இடுகிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். புழு தைம் பூவைத் தின்பதையும் கண்டார்கள். ஆனால் மூன்றாம் முறை தோல் உரித்த பிறகு புழு எதையும் தொடமாட்டேன் என்றது. விதவிதமான தழைகளைக் கொடுத்தும் எல்லாம் செத்துப்போயின. 1915-ல் டி. ஏ. சாப்மன் என்பவர் ஒரு தைம் செடியைப் பிடுங்கியபோது அடியில் எறும்புக் கூட்டில் கொழுத்த புழு ஒன்று கிடந்தது. செடியைப் பிடுங்கிய வேகத்தில் அது நசுங்கியும் போயிருந்தது. அதன் வயிற்றிலிருந்ததை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எறும்புக் குஞ்சின் துண்டுகள். புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. கேப்டன் ப்யூர்ஃபாய் என்ற இன்னொருவர் வாதுமைக்கொட்டை ஓட்டுக்குள் எறும்புகளைக் குடிவைத்து, அதில் புழுவையும் விட்டு வளர்த்துப் பார்த்தார். ராணுவ அதிகாரி ஒருவர் வாதுமை ஓட்டின் முன் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருந்தது பொழுதுபோக்கா ஆராய்ச்சியா என்று பிரிப்பது கடினம். பூச்சியியலின் பாதி அப்படிப்பட்டவர்களால் எழுதப்பட்டதுதான்.

கூட்டுக்குள் புழுவின் வாழ்க்கை ஒன்பது, பத்து மாதம். சில புழுக்கள் இரண்டு ஆண்டுகூட இருந்துவிடும். ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும். பசித்தால் குஞ்சுகள் இருக்கும் அறைக்கு ஊர்ந்து வந்து தின்னும். மறுபடி மூலைக்குப் போகும். பெரிய குஞ்சுகளாகப் பார்த்து முதலில் தின்பது இதன் வழக்கம். சிறியவை அதற்குள் வளர்ந்துகொண்டிருக்கும். விதைநெல்லைத் தொடாத விவசாயியின் கணக்கு மாதிரி. ஒரு புழு முழுதாக வளர ஏறத்தாழ 230 பெரிய குஞ்சுகள் வேண்டும். அத்தனை குஞ்சுகளை இழந்தும் தாக்குப்பிடிக்கக் கூட்டில் 350-க்கு மேல் வேலைக்கார எறும்புகள் இருக்க வேண்டும் என்று பின்னாளில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே கூட்டுக்கு நான்கைந்து புழுக்கள் வந்து சேர்ந்துவிட்டால் உணவு தீர்ந்து எல்லாமே அழியலாம். வளர்ந்த புழுவின் எடையில் 98 சதவீதம் இந்த இருட்டறையில் சேர்ந்ததுதான். தைம் பூவின் பங்கு மிச்சம் இரண்டு சதவீதம்.

குளிர்காலம் முழுவதும் புழு உறங்கும். வசந்தத்தில் எழுந்து மறுபடி தின்னும். பிறகு கூட்டிலேயே கூட்டுப்புழு ஆகும். மூன்று வாரம் கழித்து ஒரு காலை நேரத்தில் உறை வெடித்து, சிறகு சுருங்கிய பூச்சி எறும்பு வளைகளின் வழியே ஊர்ந்து மேலே வருகிறது. எறும்புகளும் கூடவே வரும். பூச்சி ஒரு புல்லின்மேல் ஏறி, சிறகை விரித்துக் காயவைத்துப் பறக்கிறது. அதற்குப்பின் சில நாள் ஆயுள். அதற்குள் இணைசேர்ந்து தைம் மொட்டில் முட்டை இட்டாக வேண்டும்.

எறும்புகள் ஏன் ஏமாறுகின்றன என்பது தனிக் கதை. அவற்றின் உலகம் கண்ணால் ஆனதல்ல. உடல் மேற்பரப்பின் வேதிப்பொருள்களை வைத்துத்தான் யார் நம்மவர், யார் அந்நியர் என்று தீர்மானிக்கின்றன. புழு அந்த வாசனையைப் பாவனை செய்கிறது. ஓசையையும்தான். பெருநீலனின் நெருங்கிய உறவான இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் கூட்டுப்புழுவும் ராணி எறும்பு எழுப்பும் ஓசையைப்போலவே ஒலி எழுப்புவதாக 2009-ல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது. ராணியின் குரல் கேட்டால் வேலைக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்? இந்தியாவிலும் எறும்புக் குஞ்சுகளைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு ஒன்று உண்டு. லிஃபைரா பிராசோலிஸ் என்ற அது, மாமரத்து இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பின் வீட்டுக்குள் வாழ்கிறது. அதனிடம் இத்தனை நாசூக்கு இல்லை. ஆமை ஓடு போன்ற தடித்த தோலை மாட்டிக்கொண்டு, கடிக்கிறவர்கள் கடித்துக்கொள்ளட்டும் என்று உள்ளே இருக்கிறது.

பெருநீலனின் வாழ்க்கை வரலாறு 1920-களுக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் பூச்சி தேய்ந்துகொண்டே போயிற்று. ஒவ்வோர் ஊரிலும் இருந்த கூட்டம் ஒவ்வொன்றாக மறைந்தது. யார் காரணம்? பதில் சொல்ல யாரும் தயங்கவில்லை. வலையும் குண்டூசியும் வைத்திருந்த சேகரிப்பாளர்களைத்தான் எல்லோரும் கை காட்டினார்கள். அபூர்வமாக ஆக ஆக விலை ஏறும். விலை ஏற ஏறப் பிடிப்பார்கள். நியாயமான சந்தேகம்தான். எனவே 1930-களில் பூச்சி இருந்த ஓர் இடத்தைக் காப்பிடமாக்கி வேலி போட்டார்கள். சேகரிப்பாளர்கள் நிறுத்தப்பட்டார்கள். ஆடு மாடுகளும் உள்ளே வர முடியவில்லை. சில ஆண்டுகளில் அந்த இடத்தில் பூச்சி இல்லாமல் போயிற்று. வேலிக்கு வெளியே இருந்த சில இடங்களில் அது இன்னும் பறந்துகொண்டிருந்தது.

இதிலிருந்து யாரும் பாடம் படிக்கவில்லை. படிக்கும்படியாக அது எழுதப்பட்டிருக்கவும் இல்லை. வேலிக்குள்ளே தைம் இருந்தது. சிவப்பு எறும்பும் இருந்தது. புத்தகத்தில் சொன்ன இரண்டும் இருக்கின்றன, பூச்சி மட்டும் இல்லை. வானிலை, பூச்சிமருந்து, காற்று மாசு, ரத்த சம்பந்தத்துக்குள்ளேயே இணைசேர்வது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

1950-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ முப்பது இடங்களில் பெருநீலன் இருந்தது. இருபது ஆண்டுகளில் ஒன்றிரண்டு இடம்தான் மிச்சம். ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் 1972-ல் டார்ட்மூர் பகுதியின் ஓரத்தில் எஞ்சியிருந்த ஒரு கூட்டத்தைத் தேடிப் போனார். அடுத்தடுத்து ஆறு கோடைகளை அங்கேயே கழித்தார். அவர் செய்த வேலை வெளிப்பார்வைக்குச் சலிப்பூட்டுவது. மண்டியிட்டுத் தவழ்ந்து தைம் மொட்டுகளில் முட்டைகளை எண்ணினார். எத்தனை பொரிந்தன, எத்தனை புழு விழுந்தது, எத்தனை எறும்புக் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, எத்தனை வெளியே பறந்தது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கு வைத்தார். புல்லின் உயரத்தையும் மண்ணின் வெப்பத்தையும் அளந்தார். எங்கே அதிகம் சாகிறது என்று தெரிந்தால் ஏன் சாகிறது என்று தெரியும் என்பது அவர் வழி. மளிகைக்கடையில் எங்கே பணம் கசிகிறது என்று பேரேட்டைப் புரட்டுகிற கணக்குப்பிள்ளையின் வழியும் அதுதான்.

கணக்கு எறும்புக் கூட்டில் வந்து நின்றது. புழுக்களின் சாவில் பெரும்பகுதி கூட்டுக்குள்தான். அதிலும் எல்லாக் கூட்டிலும் ஒரே அளவில் அல்ல. 'சிவப்பு எறும்பு' என்று ஐம்பது ஆண்டுகளாகப் புத்தகங்கள் பொதுப்பெயராகச் சொல்லி வந்தது உண்மையில் ஒரே எறும்பல்ல. அந்தப் புல்தரையில் மிர்மிக்கா வகையில் சில இனங்கள் கலந்து வாழ்ந்தன. வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எந்த இனமும் புழுவைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் மிர்மிக்கா சபுலெட்டி என்ற ஓர் இனத்தின் கூட்டில்தான் புழு கணிசமாகப் பிழைத்தது. அதன் பங்காளியான மிர்மிக்கா ஸ்கேப்ரினோடிஸின் கூட்டில் பெரும்பாலும் சாயம் வெளுத்து, குஞ்சு அல்ல என்று கண்டுபிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டது. ஆக, பெருநீலனுக்கு வேண்டியது 'எறும்பு' அல்ல. சபுலெட்டி.

சபுலெட்டிக்கு வேண்டியது வெயில். பிரிட்டன் அந்த எறும்புக்கு எல்லைப்புறம். தெற்கே வெதுவெதுப்பான நாடுகளில் அது உயர்ந்த புல்லுக்கு அடியிலும் வாழும். பிரிட்டனின் குளிரில், தெற்குப் பார்த்த சரிவில், புல் மூன்று சென்டிமீட்டருக்குள் கட்டையாக இருந்தால்தான் சூரியன் மண்ணைச் சுடவைக்கும். அங்கேதான் சபுலெட்டி செழிக்கும். புல் சற்று உயர்ந்தால் மண்ணின் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைகிறது. மனிதருக்கு அது உறைக்காது. சபுலெட்டி ஒதுங்கிவிடுகிறது, அந்த இடத்தை ஸ்கேப்ரினோடிஸ் பிடித்துக்கொள்கிறது. மேலே தைம் அப்படியே பூத்திருக்கும். பூச்சி வந்து முட்டை இடும். புழு விழும். எறும்பு வந்து தூக்கிக்கொண்டு போகும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரியும். அடுத்த ஆண்டு பூச்சி குறைந்திருக்கும். அதற்கடுத்த ஆண்டு இன்னும் குறைந்திருக்கும்.

புல்லைக் கட்டையாக வைத்திருந்தவர்கள் யார்? ஆடு, மாடு, குதிரை. எல்லாவற்றையும்விட முயல். இதில்தான் கதை எங்கோ சுற்றி எங்கோ வருகிறது. மிக்ஸோமடோசிஸ் என்ற முயல் நோயின் வைரஸ் 1953-ல் பிரிட்டனுக்குள் நுழைந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் நாட்டின் முயல்களில் 95 சதவீதத்துக்கு மேல் செத்தன. பயிரைத் தின்னும் முயல் ஒழிந்ததில் விவசாயிகளுக்கு வருத்தமில்லை. அதே காலத்தில் செங்குத்தான சரிவுகளில் மாடு மேய்ப்பது கட்டுப்படியாகாமல் பலர் அதைக் கைவிட்டார்கள். புல் வளர்ந்தது. மண் குளிர்ந்தது. எறும்பு மாறியது. வண்ணத்துப்பூச்சி போயிற்று. முயலுக்கு வந்த நோயில் வண்ணத்துப்பூச்சி சாகும் என்று 1953-ல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 1930-களின் வேலியும் இதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்திருந்தது. சேகரிப்பாளரைத் தடுத்த வேலி மாட்டையும் தடுத்தது.

தாமஸுக்கு விடை கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. கடைசி இடத்தில் புதரை வெட்டி, கால்நடைகளை விட்டுப் புல்லைக் குறைத்தார்கள். எறும்பு திரும்பிவரத் தொடங்கியது. ஆனால் 1975, 1976 ஆகிய இரண்டு கோடைகளும் கடும் வறட்சி. ஏற்கெனவே விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்திருந்த கூட்டம் அதிலிருந்து எழவில்லை. 1979-ல் பிரிட்டனில் பெருநீலன் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நோய் என்ன என்று தெரிந்துவிட்டது, மருந்தும் கையில் இருக்கிறது, நோயாளி இல்லை. ஆறு கோடைகளில் ஒவ்வொரு முட்டையாக எண்ணியவருக்கு அந்த ஆண்டு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அதோடு விட்டிருந்தால் இது இன்னோர் இரங்கற்பா. விடவில்லை. சுவீடனின் ஓலாந்து தீவில் பெருநீலன் இன்னும் நல்ல எண்ணிக்கையில் இருந்தது. 1983-ல் அங்கிருந்து கொண்டுவரப்பட்டு டார்ட்மூர் பகுதியில் முதலில் விடப்பட்டது. தாமஸும் அவருடைய சகா டேவிட் சிம்காக்ஸும் பூச்சியை விடுவதற்கு முன் செய்த வேலைதான் கவனிக்க வேண்டியது. இடத்தைத் தேர்ந்தெடுத்து, புதரை நீக்கி, மேய்ச்சலை ஒழுங்குபடுத்தி, தைமும் சபுலெட்டியும் வேரூன்றும்வரை காத்திருந்தார்கள். வீட்டைக் கட்டிவிட்டு விருந்தாளியை அழைத்தார்கள். பிறகு சாமர்செட் மாவட்டத்தின் போல்டன் குன்றுகளில் ஓரிடம், அடுத்து இன்னோரிடம். ரயில்பாதை ஓரச் சரிவுகள்கூட இந்தப் பூச்சிக்காகத் திருத்தப்பட்டன. காலார்ட் ஹில் என்ற குன்றில் 2000-ல் விடப்பட்டது; பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். 2019-ல் குளோஸ்டர்ஷயரில் ராட்பரோ காமன் என்ற மேய்ச்சல் வெளியில் 1,100 புழுக்கள் விடப்பட்டன. அடுத்த கோடையில் சுமார் 750 பூச்சிகள் வெளியே வந்தன. அந்த வெளியில் பெருநீலன் பறந்து ஏறத்தாழ 150 ஆண்டு ஆகியிருந்தது. 2022, பிரிட்டனில் இந்தப் பூச்சிக்கு ஒன்றரை நூற்றாண்டில் கிடைத்த மிகச் சிறந்த ஆண்டு என்று கணித்தார்கள்.

சேகரிப்பாளர் கதை முற்றிலும் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு பெருநீலன்களைப் பிடித்துக் கொன்றதற்காக ஒருவருக்கு 2017-ல் பிரிஸ்டல் நீதிமன்றம் நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை சரியே. ஆனால் இந்தப் பூச்சியை ஒரு முறை நாட்டைவிட்டே துடைத்தெறிந்தது வலை பிடித்த கை அல்ல. நல்லெண்ணத்தோடு வேலி போட்ட கைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆங்கிலேய வண்ணத்துப்பூச்சி ஒன்றின் கதை இந்திய வாசகருக்கு எதற்கு என்று கேட்கலாம். ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில், டார்ட்மூரில் பெருநீலன் அற்றுப்போன மூன்று ஆண்டுக்குள், கிட்டத்தட்ட இதே நாடகம் நடந்தது. அங்கே மேடை ஈரநிலம், பாத்திரம் எருமை. சரணாலயம் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டு, 1982 நவம்பரில் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்த்துவந்த கிராமத்தார் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. எருமை போன பிறகு பறவை பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். பெருகியது பாஸ்பேலம் என்ற புல். எருமைகள் தின்று அடக்கிவைத்திருந்த அந்தப் புல் நீர்ப்பரப்பை மூடி அடைத்தது. நீர்ப்பறவைகளுக்குத் திறந்த நீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்து ஆண்டு நடத்திய ஆய்வு, எருமை இந்த ஈரநிலத்தின் எதிரி அல்ல, அதன் அங்கம் என்ற முடிவுக்கு வந்தது. பிறகு ஆட்களையும் இயந்திரங்களையும் வைத்துப் புல்லை அகற்ற வேண்டியதாயிற்று. எருமை காசு வாங்காமல் செய்துகொண்டிருந்த வேலை அது.

டார்ட்மூரில் செத்தது பூச்சிதான். பரத்பூரில் மனிதர்களும் செத்தார்கள். தாமஸ் ஆறு கோடை எண்ணியதுபோல் யாராவது முதலில் எண்ணியிருந்தால், துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே அந்த ஆய்வு முடிந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மேய்ச்சல் எல்லா இடத்திலும் நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. அளவுக்கு மீறி மேய்ந்தால் தைமே பூக்காது. எந்த இடம், எந்த மாதம், எத்தனை மாடு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முதலில் புல்வெளியை ஒரு பொருளாக மதிக்க வேண்டும். மரம் இல்லாத நிலம் வெறும் நிலம் என்ற எண்ணம் இந்தியாவில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரசின் பாழ்நிலக் கணக்கில் புல்வெளிகள் பலவும் இடம்பெறுகின்றன. நீலகிரியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளில் சீகையையும் தைலமரத்தையும் நட்டது ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. நட்டவர்கள் அதைப் பாதுகாப்பு என்றே நம்பினார்கள். தமிழ்நாட்டு வருவாய்த்துறைப் பதிவேட்டில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்ற அழகான சொல் இன்றும் இருக்கிறது. சங்கப் புலவர்கள் காட்டையும் மேய்ச்சலையும் பிரிக்காமல் முல்லை என்ற ஒரே திணைக்குள் வைத்தார்கள். பதிவேட்டுச் சொல்லில் 'மேய்க்கால்' மறந்துபோய், 'புறம்போக்கு' மட்டும் பேச்சில் தங்கியது. அதுவும் வசைச்சொல்லாக.

பெருநீலனுக்குத் திரும்புவோம். மீண்டும் வந்துவிட்டது என்பதால் இனித் தானாகவே இருந்துகொள்ளும் என்று சொல்வதற்கில்லை. அதன் புல்தரைகள் இப்போது ஒரு நாட்காட்டிப்படி இயங்குகின்றன. கோடையில் தைம் பூத்து, பூச்சி முட்டையிட்டு, புழு கீழே விழும்வரை கால்நடை நெருங்கக் கூடாது. வாயில் முட்டை போய்விடும். பிறகு இலையுதிர்காலத்தில் மாடுகளையும் மட்டக்குதிரைகளையும் விட்டு, புல்லை மொட்டையாக்க வேண்டும். வசந்தத்தில் மறுபடி ஒரு மேய்ச்சல். நடுவில் முளைக்கும் புதரை ஆட்கள் வெட்டுகிறார்கள். மழை அதிகமான ஆண்டில் புல் வேகமாக வளரும். மாடு கூடுதலாக வேண்டும். வறண்ட ஆண்டில் தைம் கருகும். மாடு குறைய வேண்டும். பக்கத்துப் பண்ணைக்காரர் மாடு வளர்ப்பதையே விட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கவலையும் உண்டு. ஒரு வண்ணத்துப்பூச்சியின் எதிர்காலம் ஒருவர் மாடு வைத்திருப்பதா வேண்டாமா என்று போடும் கணக்கில் தொங்குகிறது.

வண்ணத்துப்பூச்சியை எண்ணுவதோடு வேலை முடிவதில்லை. எறும்பையும் எண்ண வேண்டும். புல்தரையில் அடிக்கொரு இடத்தில் துளி இனிப்பை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். சிவப்பு எறும்புகள் வந்து மொய்க்கும். ஒன்றைப் பிடித்துக் கண்ணாடி வில்லையில் பார்க்கிறார்கள். உணர்கொம்பின் அடிக்கணு வளையும் இடத்தில் சிறு மடல் ஒன்று புடைத்திருந்தால் அது சபுலெட்டி. மாடுகள் தம் வேலையைச் சரியாகச் செய்திருக்கின்றன. மடல் தெளிவாக இல்லையென்றால் அந்தச் சரிவில் புல் உயர்ந்துவிட்டது. குறிப்பேட்டில் குறித்துக்கொண்டு, எறும்பைக் கீழே விட்டுவிட்டு, அடுத்த இனிப்புத் துளிக்கு நகர்கிறார்கள்.